தாழிக்குள் இருந்த நெல்

சில வருஷங்களுக்கு முன்னால், பல்லாவரத்தில் எங்கள் தெருக்கோடியில் ஒரு வீட்டுக்குக் கடைக்கால் தோண்டினார்கள். நாலு அடி ஆழத்தில் ஒரு பெரிய பானை ஓடு வந்தது. உள்பக்கம் கருப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. நான் பழசு என்றால் ஓடி வருவேன் என்பது தெருவுக்கே தெரியும் என்பதால், மேஸ்திரி அதைக் கூப்பிட்டுக் கொடுத்தார். ஓட்டின் வளைவுக்குள் இறுகிப்போன மண் ஒரு கைப்பிடி இருந்தது. நான் தமிழ் படித்தவன். எனக்கு வேண்டியது எழுத்து. ஏதாவது கீறல், ஒரு குறியீடு, அதிர்ஷ்டம் இருந்தால் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்தில் ஒரு பெயர். வீட்டுக்குக் கொண்டுபோய், குழாயடியில் வைத்து, பழைய பல்துலக்கியால் பளபளவென்று தேய்த்துக் கழுவினேன். எழுத்து இல்லை. அப்புறம் அதைப் புத்தக அலமாரியில் நிறுத்தி வைத்தேன்.

இயற்பியல் கற்பித்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் எனக்கு நண்பர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார். வீட்டுக்கு வந்தவர் ஓட்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உள்ள மண்ணு இருந்துச்சா தம்பி?"

"நிறைய இருந்தது சார். சுத்தமா கழுவிட்டேன்."

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "பேசுறதைக் கழுவிட்டு, பேசாததை அலமாரியில வெச்சிருக்கீங்க" என்றார்.

அந்த மண் என்ன பேசியிருக்கும் என்று தெரிந்துகொள்ள எங்களுக்குப் பல ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. எழும்பூர் அருங்காட்சியகம், கன்னிமாரா நூலகம், எங்கள் வீட்டுத் திண்ணை என்று மாறி மாறி உட்கார்ந்து, பழைய அகழாய்வு அறிக்கைகளையும் புதிய காலக்கணிப்புகளையும் பக்கத்தில் சங்கப் பாட்டையும் வைத்துப் படித்தோம். அதிலிருந்து நாங்கள் எடுத்துக்கொண்டவை, தாமிரபரணிக் கரையின் இரண்டு ஈமப் பரம்புகள், அதாவது பழைய இடுகாட்டு மேடுகள். ஆதிச்சநல்லூர், சிவகளை.

பல்லாவரத்தை விட்டுவிட்டு ஏன் அவ்வளவு தூரம் போனீர்கள் என்று கேட்கலாம். நியாயம்தான். இந்த ஊரும் லேசுப்பட்டதல்ல. 1863 மே 30-ஆம் தேதி ராபர்ட் புரூஸ் ஃபூட் தன் முதல் பழங்கற்காலக் கருவியை எடுத்தது இங்கேதான். கால் வைத்த சுடுமண் ஈமப்பேழைகளும் இங்கே கிடைத்திருக்கின்றன. செங்கல்பட்டுப் பக்கம் போனால் சானூர், குன்னத்தூர், அமிர்தமங்கலம், சிறுதாவூர் என்று கல்வட்டமும், கற்பலகைக் கல்லறையான கற்பதுக்கையும், செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரும்பானையான தாழியும் நிறைந்த காடுகள். ஆனால் பல்லாவரத்தின் பெரும்பகுதி இன்று வீடுகளுக்கு அடியில். தாமிரபரணிப் பரம்புகளில்தான் நூற்று ஐம்பது வருஷத்து ஆய்வு ஒன்றன் மேல் ஒன்றாகப் படிந்திருக்கிறது. அதோடு ஆதிச்சநல்லூரில் தோண்டியதில் பெரும்பங்கு சென்னைக்குத்தான் வந்தது. நாங்கள் மின்சார ரயிலில் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்.

உமியைப் பார்த்தவர்

ஆதிச்சநல்லூரில் முதலில் தோண்டியவர் பெர்லினைச் சேர்ந்த ஜாகோர், 1876-இல். எடுத்ததை அவர் தன் ஊருக்குக் கொண்டுபோனார். அதன் பிறகு, சென்னையிலிருந்து இந்தியத் தொல்லியல் துறையின் தென்வட்டத்தை நடத்திய அலெக்சாண்டர் ரீ, 1899-இல் தொடங்கிச் சில பருவங்கள் அங்கே வேலை செய்தார். 114 ஏக்கர் பரம்பு அது. சரளைமேடு, கீழே பாறை, வயலுக்கு உதவாத நிலம். சாப்பாடு விளையும் மண்ணை விட்டுவிட்டு, விளையாத மண்ணைச் செத்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.

ரீயின் பொருட்பட்டியல் 1915-இல் சென்னை அரசு அச்சகத்தில் அச்சானது. ஆதிச்சநல்லூரோடு செங்கல்பட்டுப் பக்கத்துப் பெரும்பேரும் அதில் சேர்ந்திருக்கிறது. தங்க நெற்றிப்பட்டம், வெண்கலக் கிண்ணம், இரும்பு வாள், ஈட்டி என்று போகும் பட்டியல். பொன்னையும் வெண்கலத்தையும்தான் எல்லோரும் பார்ப்பார்கள், நானும் பார்த்தேன். சாருடைய விரல் வேறொரு குறிப்பில் நின்றது. தாழிக்குள் இருந்த சிறு பானைகளில் நெல் உமியும் தினை வகை உமியும் கிடந்தன என்று ரீ எழுதி வைத்திருக்கிறார்.

"கையில சாவியை வெச்சிருந்தார் தம்பி. பூட்டுதான் இன்னும் செய்யல" என்றார் சார்.

அவர் சொன்னது சரி. உயிர்ப்பொருளில் மிஞ்சிய கார்பனை அளந்து வயது பார்க்கும் ரேடியோ கார்பன் முறை வந்தது 1940-களின் கடைசியில். அதற்கு அப்புறமும் ஒரு தேதிக்குக் கிராம் கணக்கில் கரி தேவைப்பட்டது. ஒற்றை நெல்மணிக்குத் தேதி போட, மிகச் சிறிய மாதிரியிலும் கார்பன் அணுக்களை எண்ணும் முடுக்கி நிறமாலைமானி வர வேண்டியிருந்தது. அது 1970-களின் பிற்பகுதியில் பிறந்தது. ரீ உமியைப் பார்த்தார், பார்த்ததை எழுதினார். அன்றைக்கு அவ்வளவுதான் முடியும். ஆனால் எழுதினாரே! பொன்னை மட்டும் எழுதிவிட்டு உமியை உதறியிருந்தால், பின்னால் வந்தவர்களுக்குத் தாழிக்குள் நெல்லைத் தேட வேண்டும் என்றே தோன்றியிருக்காது.

ஆதிச்சநல்லூரில் மறுபடி பெரிய அளவில் தோண்டியது 2004-05-இல், இந்தியத் தொல்லியல் துறையின் சத்தியமூர்த்தி தலைமையில். 169 தாழிகள் வந்தன. அப்போது எடுத்த கரிம மாதிரிகளின் காலம் கி.மு. 905, கி.மு. 696 என்பது 2019-இல் மதுரை உயர்நீதிமன்றக் கிளையில்தான் வெளியே வந்தது. மாதிரி எடுத்ததற்கும் தேதி தெரிந்ததற்கும் நடுவில் ஒரு குழந்தை பிறந்து பத்தாம் வகுப்பு எழுதியிருக்கும்.

ஒரு மணி நெல்லின் வயது

நெல்லுக்கு முதன்முதலில் மவுசு வந்தது பழனி பக்கத்துப் பொருந்தலில். தொல்லியலாளர் கா. ராஜன் 2009-10-இல் தோண்டிய ஈமக்குழியில் நாலு கால் ஜாடி நிறைய, ஏறக்குறைய இரண்டு கிலோ நெல் இருந்தது. அதே குழியில் 'வய்ர' என்று தமிழி எழுத்துப் பொறித்த பிரிமனை, அதாவது பானையை நிறுத்தும் வளையம். நெல்லின் காலம் கி.மு. 490 என்று வந்தது. உடனே எழுத்தின் வயதும் கி.மு. 490 ஆனது. அசோகருக்கு முந்திய எழுத்து என்று ஒரு பக்கம் கொண்டாட்டம், ஒரு தேதியை வைத்துச் சொல்ல முடியுமா என்று மறுபக்கம் கேள்வி.

இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் பெரிதாகப் பேசாத ஒன்றைச் சார் எனக்கு வரைந்து காட்டினார். கதிரியக்கக் கார்பனின் தேய்மானத்திலிருந்து கிடைக்கும் எண் நேரடியாக ஆண்டு ஆகாது. காற்றில் இருந்த அந்தக் கார்பனின் அளவு காலத்துக்குக் காலம் மாறியிருப்பதால், மரவளையங்களை வைத்து வரைந்த வளைகோட்டில் பொருத்தித்தான் ஆண்டைப் படிக்க வேண்டும். அந்தக் கோடு ஏறக்குறைய கி.மு. 800 முதல் 400 வரை படுத்துக்கிடக்கிறது. அந்த நானூறு வருஷத்தில் எந்த வருஷத்து நெல்லாக இருந்தாலும் ஆய்வகத்து எண் கிட்டத்தட்ட ஒன்றுதான். அறிக்கையில் வருவது ஒரு நீண்ட இடைவெளி, செய்தித்தாளில் வருவது அதன் நடுவில் குத்திய ஒரு புள்ளி. தமிழ்நாட்டு வரலாற்றுக்கு எந்த நானூறு வருஷம் உயிரோ, அதே நானூறு வருஷத்தில் இயற்கை கோட்டைத் தட்டையாக்கி வைத்திருக்கிறது. என்ன குறும்போ!

நான் கேட்டேன், "அப்ப தேதியே வேணாமா சார்?"

"வேணும் தம்பி. ஆனா நெல்லுக்குத்தான் தேதி. நெல்லுலேர்ந்து ஜாடிக்கு, ஜாடியிலேர்ந்து குழிக்கு, குழியிலேர்ந்து எழுத்துக்கு. ஒவ்வொரு தாவலுக்கும் நீங்க ஜாமீன் கொடுக்கணும். என் மெஷின் கொடுக்காது."

எங்கள் ஆய்வு முழுக்க இந்தத் தாவல்களைப் பற்றியதுதான் என்று எனக்கு அன்றைக்குப் புரிந்தது. அறிவியல் ஒரு பொருளின் வயதைச் சொல்கிறது. பொருளிலிருந்து மனிதனுக்குத் தாவுவது வாசிப்பு. தமிழ் படித்தவன் மண்ணைக் கழுவுகிறான் என்றால், மறுபக்கத்தில், எந்தப் பானையின் எந்தப் பக்கத்திலிருந்து எடுத்தது என்று குறிக்காமல் மணியை மட்டும் குப்பியில் போட்டு அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டும் ஒரே பாவம்.

சிவகளை

2021 செப்டம்பரில் சட்டப்பேரவையில் ஒரு அறிவிப்பு வந்தது. சிவகளைப் பரம்பின் தாழியொன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155. தாமிரபரணி நாகரிகத்துக்கு 3,200 வயது என்றார்கள். அதற்குப் பிறகு 2025 ஜனவரி 23-ஆம் தேதி, கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில், இரும்பின் தொன்மை பற்றிய அறிக்கை வெளியானது. எழுதியவர்கள் ராஜனும் சிவானந்தமும். அதில் சிவகளைத் தாழிகளோடு சேர்ந்த கரித்துண்டுகளுக்கு கி.மு. 2953 முதல் 3345 வரை தேதிகள். பானை ஓட்டுக்கு ஒளியுமிழ்வு முறையில் கி.மு. 2459. கரி அமெரிக்காவின் பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குப் போனது. ஒளியுமிழ்வுக்கு லக்னோவின் பீர்பால் சாஹ்னி நிறுவனமும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகமும்.

மறுநாள் டீக்கடையில் எல்லோரும் தொல்லியல் நிபுணர்கள் ஆனார்கள். "உலகத்துக்கே இரும்பு கொடுத்தவன் நாம" என்று ஒருவர், "எல்லாம் அரசியல்" என்று இன்னொருவர். நாங்கள் திண்ணைக்கு வந்து ஒரு தாளில் மூன்று எண்களையும் எழுதினோம். 3345, 2459, 1155. ஒரே பரம்பு. முதலுக்கும் கடைசிக்கும் இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் இடைவெளி.

இதற்கு என்னென்ன விளக்கம் இருக்க முடியும்? முதலாவது, பரம்பு உண்மையிலேயே அவ்வளவு காலம் இடுகாடாக இருந்தது. முடியாததல்ல, ஆதிச்சநல்லூரிலேயே தாழிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இரண்டாவது, பழைய மரம். கரி மரத்தின் வயதைச் சொல்லும், எரித்த நாளைச் சொல்லாது. வைரம் பாய்ந்த பழைய உத்தரத்தை எரித்திருந்தால் தேதி சில நூறு வருஷம் பின்னால் போகும். ஆனால் இரண்டாயிரம் வருஷம் போகாது. மூன்றாவது, தாழியைச் சுற்றி நிரப்பிய மண்ணிலேயே முன்காலத்து நெருப்பின் கரி கலந்திருக்கலாம்.

கரிக்குச் சம்பந்தமில்லாத ஒளியுமிழ்வு முறையும் தேதியைப் பின்னால் தள்ளுவதால், மூன்றாவது சந்தேகத்தை மட்டும் வைத்து அறிக்கையைத் தூக்கி எறிய முடியாது. பானை சூளையில் கடைசியாகச் சூடேறிய காலத்தை அந்த முறை சொல்கிறது. மணல் துகள்கள் மண்ணிலுள்ள யுரேனியம், தோரியம், பொட்டாசியத்தின் கதிர்வீச்சைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேமிக்கின்றன. சேர்ந்த அளவை வருடத்துக்கு எவ்வளவு என்ற வீதத்தால் வகுத்தால் வயது. வீதம் எங்கிருந்து கிடைக்கும்? பானையிலிருந்தும், அதைச் சுற்றியிருந்த மண்ணிலிருந்தும். அந்த மண் எத்தனை காலம் ஈரமாக இருந்தது என்பதும் கணக்கில் சேரும். இந்த இடத்தில் சார் என்னைப் பார்த்தார். நான் அலமாரியைப் பார்த்தேன்.

என் தீர்ப்பைக் கேட்டால், இந்த மூன்றில் நான் அதிகம் நம்புவது நெல்லை. நெல் ஒரு போகத்துப் பயிர். அறுத்த வருஷமும் அதன் வயதும் ஒன்று. அதை யாரோ வேண்டுமென்றே உள்ளே வைத்திருக்கிறார்கள். கரி தற்செயலாக வரலாம். நெல் வாயும் வயிறும் உள்ள ஓர் ஊரிலிருந்து வந்தது. 3345-ஐ நான் மறுக்கவில்லை. இன்னும் பத்துத் தாழிகளின் நெல்லும் எலும்பும் அதே திசையைக் காட்டட்டும், இரும்புக்குள் கார்பன் மிச்சமிருந்தால் அதற்கே தேதி பார்க்கட்டும் என்று காத்திருக்கிறேன். சார் என்னைவிடத் தாராளம். "மூணு லேப் தம்பி, அதை லேசா எடுத்துக்காதீங்க" என்கிறார்.

பாட்டு எதற்கு உதவும்

இனி என் பக்கம். சங்கப் பாட்டையும் மணிமேகலையையும் தாழிகளுக்கு விளக்கவுரையாக ஒட்டுவது நம்மிடம் பழைய வழக்கம். கி.மு. 1155-ஆம் ஆண்டு நெல்லுக்கும் புறநானூற்றுக்கும் நடுவில் ஆயிரம் வருஷம் இருக்கிறது. அதை மறந்துவிட்டு ஒட்டினால், ராஜராஜன் படையெடுப்புக்கு இன்றைய சினிமாப் பாட்டை ஆதாரம் காட்டியது போல ஆகும். அதற்காகப் பாட்டை ஒதுக்கவும் கூடாது. அதிலிருந்து எடுக்க வேண்டியது கேள்வி.

ஒன்றைச் சொல்கிறேன். மணிமேகலையில் சக்கரவாளக் கோட்டம் என்ற சுடுகாட்டைச் சொல்லும் இடத்தில் ஐந்து வகை அடக்கம் வரும்: "சுடுவோர் இடுவோர் தொடுகுழிப் படுப்போர் தாழ்வயின் அடைப்போர் தாழியிற் கவிப்போர்". கடைசிச் சொல்லைக் கவனியுங்கள். தாழியில் வைப்போர் என்று இல்லை, கவிப்போர். புறநானூறு 228-இல் ஐயூர் முடவனார் குயவனைப் பார்த்து, கிள்ளிவளவனைக் கவிக்கும் தாழி செய்ய உன்னால் முடியுமா, நிலத்தைச் சக்கரமாகவும் பெருமலையை மண்ணாகவும் கொண்டா வனைவாய் என்று கேட்கிறார். அங்கேயும் கவித்தல்தான். கவிப்பது என்றால் மேலிருந்து மூடுவது. தாழிக்குள் இறக்கி வைப்பதற்கு ஏன் இந்தச் சொல் என்று மாணவனாக இருந்தபோது எனக்குக் குழப்பம். ஆதிச்சநல்லூரில் ஒரு தாழியின் வாய்மேல் இன்னொரு தாழியைக் கவிழ்த்து மூடிய இரட்டைத் தாழிகள் கிடைத்தன என்று படித்தபோது குழப்பம் தீர்ந்தது. மண்வெட்டி அகராதிக்குச் செய்த உதவி அது.

எதிர்த் திசையிலும் ஒன்று உண்டு. புறநானூறு 256-இல் ஒரு பெண் பேசுகிறாள். வண்டிச் சக்கரத்தின் ஆரக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த சிறு பல்லி போல இவனோடு சுரம் பல கடந்து வந்தவள் நான், எனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாகச் செய், கலஞ்செய் கோவே என்கிறாள். உடன் சாகப் போகிறாள் என்று உரை சொல்லிவிட்டுப் போவோம். எலும்பியல் படித்தவரிடம் கொடுத்தால் கேள்விகள் வேறாக வரும். ஒரு தாழியில் இரண்டு பேர் எலும்பு இருந்தால், ஒரே சமயத்தில் வைத்ததா? முழு உடலா, வேறெங்கோ சதை போன பிறகு பொறுக்கிச் சேர்த்த எலும்பா? பொறுக்கி வைக்கிற வழக்கம் என்றால், அவள் இன்னும் இருபது வருஷம் வாழ்ந்துவிட்டுக்கூட அதே தாழிக்கு வந்திருக்கலாம். பாட்டின் சோகம் குறையாது. ஆனால் உடன்கட்டை என்ற ஒரே வாசல் வழியாக மட்டும் அதற்குள் நுழைய வேண்டியதில்லை.

நெல்லுக்கு வருவோம். ஏன் வைத்தார்கள்? நம் வீடுகளில் இன்றும் வாய்க்கரிசி போடுகிறோம். ஆகவே மூவாயிரம் வருஷமாக வாய்க்கரிசி என்று தாவத்தான் கை துடிக்கும். நான் அந்தத் தாவலுக்கு ஜாமீன் கொடுக்க மாட்டேன். அரிசி வேறு, உமியோடு கூடிய நெல் வேறு. நெல் முளைக்கும், அரிசி முளைக்காது. வழியில் சாப்பிடக் கொடுத்ததா, போன இடத்தில் விதைக்கக் கொடுத்ததா? நெல்லோடு தினை வகை உமியும் இருந்தது என்ற ரீயின் குறிப்பு, வீட்டில் இருந்ததை எல்லாம் வைத்தார்கள் என்று காட்டுகிறதா? மரபு அறிந்தவனால்தான் இந்தக் கேள்வி கேட்க முடியும், மணியை நுண்ணோக்கியில் பார்ப்பவரால்தான் அது வேகவைத்ததா, வறுத்ததா, விதைநெல்லா என்று தேட முடியும்.

இந்தப் பகுதியை எழுதும்போதெல்லாம் புறம் 234 நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. எவ்வி என்ற குறுநிலத் தலைவன் இறந்த பின் வெள்ளெருக்கிலையார் பாடியது. பெண்யானையின் காலடி அளவு இடத்தை மெழுகி, புல்லின் மேல் மனைவி வைத்த சிறு பிண்டத்தை, உலகமே நுழையத் திறந்த வாசலில் பலரோடு உண்டு பழகியவன் எப்படித்தான் உண்டானோ என்கிறார். இதற்குத் தேதி தேவையில்லை. செத்தவனுக்குச் சோறு வைத்துவிட்டு, அவன் எப்படிச் சாப்பிடுவான் என்று கவலைப்படும் மனம் இருந்திருக்கிறது என்பதை எந்த முடுக்கியும் சொல்லாது.

மண்டையோடும் வெண்கலமும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி அல்ல. ஆதிச்சநல்லூர் மண்டையோடுகள் பற்றி சக்கர்மேன் எழுதிய ஆய்வு 1930-இல் சென்னை அருங்காட்சியக வெளியீடாக வந்தது. அதற்கு முன்னால் அதே அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த தர்ஸ்டன், உயிரோடு இருந்தவர்களின் தலையையும் மூக்கையும் அளந்து சாதிவாரியாகப் பட்டியல் போட்டவர். அளவுகோல் சரியாகத்தான் இருந்தது, கேட்ட கேள்விதான் கோணல். 'இது எந்த இனத்து மண்டை' என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் என்ன சாப்பிட்டார், எத்தனை வயதில் செத்தார், பல் எப்படித் தேய்ந்தது என்பதெல்லாம் பின்னால் போனது. மானுடவியல் தன் கேள்வியைத் திருத்திக்கொள்ள ரொம்ப நாள் எடுத்தது. கீழடியை ஒட்டிய கொந்தகையின் மண்டையோடுகளுக்கு இப்போது லிவர்பூலில் முகம் வரைந்திருக்கிறார்கள். பார்க்க நன்றாக இருக்கிறது. தோல் நிறத்தை மட்டும் மண்டையோடு சொல்லவில்லை என்பதைப் படத்தைப் பகிர்கிறவர்கள் நினைவில் வைத்தால் நல்லது.

வெண்கலக் கதை இதைவிடச் சந்தோஷமானது. எழும்பூரில் 1930-லேயே பரமசிவன் பொறுப்பில் வேதியியல் பாதுகாப்புப் பிரிவு வந்துவிட்டது. பச்சை பிடித்த வெண்கலத்தை மின்பகுப்பு முறையில் மீட்டார்கள். தொல்பொருளுக்குப் பக்கத்தில் வேதியியலாளருக்கு மேசை போட்ட ஊர் இது. ஆதிச்சநல்லூரின் மெல்லிய கிண்ணங்கள் சிலவற்றில் ஏறக்குறைய 23 விழுக்காடு வெள்ளீயம் இருப்பதை சாரதா சீனிவாசனின் ஆய்வுகள் காட்டின. அவ்வளவு வெள்ளீயம் சேர்த்த வெண்கலம் சாதாரணமாக ஆறினால் தட்டியதும் உடையும். பழுக்கக் காய்ச்சி, அடித்து மெலிதாக்கி, தண்ணீரில் முக்கியெடுத்தால் நிற்கும், தட்டினால் மணி மாதிரி ஒலிக்கும். அந்தக் கைக்குப் பெயர் இல்லை. ஆனால் சூடு எத்தனை என்று அது அறிந்திருக்கிறது.

மறுபடி பல்லாவரம்

கழுவிப்போன மண்ணில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்விக்குச் சார் கடைசியில் பதில் சொன்னார். நெல் உமியில் சிலிக்கா அதிகம். உமி மக்கி மண்ணாகிப் போனாலும், அதன் செல்களின் சிலிக்கா அச்சு அப்படியே தங்கும். நெல் உமியின் அச்சுக்கு இரண்டு சிறு மேடுகள் உண்டு, ஒட்டகத்தின் முதுகு போல. நுண்ணோக்கியில் பார்த்தால் தெரிந்துவிடும். தாமிரபரணியில் கிடைத்த பதில், எங்கள் தெருவிலேயே ஒரு கைப்பிடி மண்ணில் இருந்திருக்கலாம். இல்லாமலும் இருந்திருக்கலாம். இனிமேல் தெரியாது.

எங்கள் தெருவில் இதை வெளிப்படையாகப் பேசுவது சுலபமில்லை. பாதுகாக்கப்பட்ட தொல்லியல் இடத்திலிருந்து 100 மீட்டருக்குள் கட்டக் கூடாது, அதற்கடுத்த 200 மீட்டருக்கு அனுமதி வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம். பட்டா கையில் இருந்தும் மாடி எழுப்ப முடியாதவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. அதனால்தான் கடைக்காலில் ஓடு வந்தால் பல பேர் சத்தமில்லாமல் மூடிவிடுகிறார்கள். ஈமக்காட்டைப் படிக்க அறிவியலும் தமிழும் சேர்ந்தால் போதும் என்று ஆரம்பத்தில் நினைத்தோம். நடுவில் வீட்டுக் கடன் வாங்கிய ஒரு குடும்பம் இருக்கிறது என்பது இரண்டு பாடத்திட்டத்திலும் இல்லை.

போன மாசம் அதே மேஸ்திரி கூப்பிட்டார். வேறு மனை, கழிவுநீர்த் தொட்டிக்குக் குழி. நானும் சாரும் போனோம். ஐந்தடி ஆழத்தில், குழியின் பக்கவாட்டில், வளைந்த ஒரு கருப்பு-சிவப்பு விளிம்பு தெரிந்தது. ஓர் ஆள் மண்வெட்டியோடு இறங்கிக்கொண்டிருந்தார். வீட்டுக்காரர் கையைப் பிசைந்தபடி நின்றார்.

நான் வாய் திறப்பதற்குள் மேஸ்திரியே சொல்லிவிட்டார்: "டேய், அதைத் தொடாத. முதல்ல சார் படம் புடிக்கட்டும். வாளியில இருக்கிற தண்ணிய அந்தாண்ட நகர்த்து."